ஸ்டார்ட் ஆகாத டெஸ்க்டாப்: எதை முதலில் தொடுவது, எதைக் கடைசிக்கு வைப்பது?

டெஸ்க்டாப் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும்போது நம் முன்னால் இருக்கும் வழிகள் நாலைந்துதான். நாமே கேபினெட்டைத் திறந்து பார்க்கலாம். விண்டோஸை ரிப்பேர் செய்யலாம், இல்லாவிட்டால் ஒரேயடியாக ஃபார்மேட் போடலாம். சந்தேகப்படும் பாகத்தை மாற்றிப் பார்க்கலாம். சர்வீஸுக்குக் கொடுக்கலாம். எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்று வரும்போது பலரும் செலவை வைத்துத்தான் யோசிக்கிறார்கள். நான் வேறொரு அளவுகோலை வைக்கச் சொல்வேன்: நம் ஊகம் தப்பாகிப்போனால், செய்ததைத் திரும்ப எடுக்க முடியுமா?

ரேமைக் கழற்றி மாட்டிப் பார்த்தோம், பலனில்லை என்றால் எதுவும் போய்விடவில்லை. ஃபார்மேட் போட்டு முடித்தபிறகு கோளாறு எஸ்எம்பிஎஸ்ஸில் (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) என்று தெரியவந்தால், உள்ளே இருந்த படங்களும் கணக்குகளும் போனது போனதுதான். விலை குறைவான வழி எது என்பதைவிட, தப்பு செய்தாலும் மீள முடிகிற வழி எது என்று பார்த்தால் வரிசை தானாக அமைந்துவிடும்.

எந்த இடத்தில் நிற்கிறது?

வழிகளை ஒப்பிடுமுன் ஒரு விஷயத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டும். பட்டனை அழுத்தினால் விளக்கும் இல்லை, ஃபேனும் சுற்றவில்லை என்பது ஒரு நிலை. ஃபேன் சுற்றுகிறது, ஆனால் திரை கறுப்பாகவே கிடக்கிறது என்பது அடுத்தது. மதர்போர்டின் (எல்லாப் பாகங்களும் சேரும் பெரிய பலகை) லோகோ வருகிறது, அதற்கப்புறம் விண்டோஸ் வரவில்லை என்பது மூன்றாவது.

முதல் இரண்டு நிலைகளிலும் பெரும்பாலும் கணினி டிஸ்கில் இருக்கும் விண்டோஸைப் படிக்கத் தொடங்கவே இல்லை. அங்கே ஃபார்மேட் என்ற பேச்சுக்கே இடமில்லை. மூன்றாவது நிலையில், எஸ்எம்பிஎஸ், பிராசஸர், ரேம் எல்லாம் ஓரளவாவது வேலை செய்ததால்தான் லோகோ வரை வந்திருக்கிறது. அந்த நேரத்தில் யாராவது மதர்போர்டை மாற்றச் சொன்னால் காரணம் கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஒரு கவனிப்பே பாதி வழிகளை ஒதுக்கிவிடும். வேறு ஒருவரிடம் கொடுப்பதாக இருந்தாலும், ‘ஆன் ஆகலை’ என்று சொல்வதற்கும் ‘ஃபேன் சுத்துது, லோகோ வரலை’ என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

உயிரே இல்லை: எஸ்எம்பிஎஸ்ஸா, மதர்போர்டா?

இந்த இரண்டில் எதைச் சந்தேகிப்பது என்பதுதான் டெஸ்க்டாப் பழுதில் மிகப் பெரிய முடிவு. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

சுவர் பிளக், பவர் கேபிள், எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கம் இருக்கும் சின்ன சுவிட்ச் ஆகியவற்றை முதலில் பார்த்துவிடுங்கள். கேபினெட்டின் பவர் பட்டனே பழுதாகியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அந்தப் பட்டனிலிருந்து வரும் இரண்டு மெல்லிய ஒயர்கள் மதர்போர்டின் ஓரத்தில் இரண்டு பின்களில் சேரும். ஒயரைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டால் பட்டனை அழுத்தியதற்குச் சமம். அதில் ஆன் ஆகிவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸும் நல்லது, மதர்போர்டும் நல்லது, பட்டன்தான் போயிருக்கிறது. எந்தப் பின் என்பதை மதர்போர்டு மேனுவல் பார்த்து உறுதி செய்துகொண்டு தொடுங்கள்.

அடுத்து எஸ்எம்பிஎஸ். கணினி ஆஃப் ஆகியிருந்தாலும், பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் ஒன்றை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பல மதர்போர்டுகளில் இதைக் காட்ட ஒரு சிறு எல்இடி உண்டு. நாம் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு பச்சை ஒயர் வழியாக எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்புகிறது. எஸ்எம்பிஎஸ் தன் வோல்டேஜ்கள் நிலைபெற்றபிறகு, ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கிலிருந்து அரை நொடிக்குள், ‘பவர் தயார்’ என்று ஒரு சிக்னல் அனுப்பும். அது வந்தால்தான் மதர்போர்டு பிராசஸரை ஓடவிடும். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகங்கள்) வயதாகித் தளர்ந்துவிட்டால் வோல்டேஜ் சரியாக நிலைபெறாது, சிக்னலும் ஒழுங்காக வராது. முதல் இரண்டு முறை அழுத்தினால் எழாமல் மூன்றாவது முறை எழுகிற கணினிகளில் பலவற்றுக்கும் இதுதான் கதை. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் குளிர்ந்திருக்கும்போது இன்னும் மோசமாக நடந்துகொள்ளும், சூடானதும் தேறிவிடும். ராத்திரி முழுக்க ஆஃபில் இருந்துவிட்டுக் காலையில் மட்டும் தகராறு செய்து, ஒருமுறை ஆன் ஆகிவிட்டால் நாள் முழுக்க ஒழுங்காக ஓடும் டெஸ்க்டாப்பில் நான் முதலில் எஸ்எம்பிஎஸ்ஸைத்தான் சந்தேகிப்பேன்.

இதைச் சோதிக்க மூன்று முறைகள் உண்டு. மதர்போர்டிலிருந்து 24 பின் கனெக்டரைக் கழற்றி, பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்துப் பார்ப்பது பலருக்கும் தெரிந்தது. ஃபேன் சுற்றினால் எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு சரியில்லை. எந்தச் சுமையும் இல்லாமல் ஃபேனை மட்டும் சுற்ற வைப்பது, தளர்ந்துபோன எஸ்எம்பிஎஸ்ஸாலும் முடியும். சுமை இல்லாதபோது ஃபேனை நிறுத்திவைக்கும் வகையாக இல்லாவிட்டால், சுற்றவில்லை என்றால் அது போய்விட்டது என்று ஏறக்குறைய நம்பலாம். சுற்றுகிறது என்பதால் நல்லது என்று நம்ப முடியாது. மல்டிமீட்டர் இதைவிட மேல். கணினி ஓடும்போது 12 வோல்ட் லைனில் 11.4 முதல் 12.6 வரையும், 5 வோல்ட் லைனில் 4.75 முதல் 5.25 வரையும் இருக்க வேண்டும். ஆனால் ஒரு நொடிக்குள் வந்துபோகும் சரிவை மீட்டர் காட்டாது. மூன்றாவது முறை, நன்றாக ஓடும் இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பது. மூன்றிலும் இதன் பதில்தான் நம்பத் தகுந்தது.

மாட்டும்போது ஒரே ஓர் எச்சரிக்கை, அதை எத்தனை அழுத்திச் சொன்னாலும் தகும். கேபிள்களைத் தனியாகக் கழற்றக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால், பழைய கேபிளைப் புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டவே கூடாது. மதர்போர்டு, டிஸ்க் பக்கம் இருக்கும் கனெக்டர்கள் பொதுவாக எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றுதான். எஸ்எம்பிஎஸ் பக்கம் அப்படிப் பொதுவான வரைமுறை கிடையாது. கச்சிதமாகப் பொருந்தலாம், ஆனால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வரக்கூடும். அப்படி வந்தால் டிஸ்க் அந்த நொடியிலேயே எரிந்துபோகலாம். இதைத் திரும்ப எடுக்க முடியாது. எஸ்எம்பிஎஸ்ஸோடு அதன் கேபிள்களையும் சேர்த்தே மாற்றுங்கள். இன்னொன்று, நிறுவனங்கள் முழுதாகச் சேர்த்து விற்கும் சில டெஸ்க்டாப்களில் கனெக்டரே வேறாக இருக்கும். கடையில் கிடைக்கும் பொதுவான எஸ்எம்பிஎஸ் அதில் சேராது. எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறந்து உள்ளே பார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கியபிறகும் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கக்கூடும்.

சரி, எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு இரண்டின்மேலும் சமமான சந்தேகம் என்றால்? தயங்காமல் எஸ்எம்பிஎஸ்ஸையே முதலில் மாற்றிப் பாருங்கள். ஊகம் தப்பானாலும் அந்த எஸ்எம்பிஎஸ் அடுத்த கணினிக்கு உதவும். விண்டோஸுக்கு அது மாறியதே தெரியாது. மதர்போர்டு அப்படியில்லை. பிராசஸரின் சாக்கெட்டும் ரேமின் வகையும் பொருந்த வேண்டும். கணினியோடு வந்த விண்டோஸ் லைசென்ஸ் அந்த மதர்போர்டோடு கட்டப்பட்டிருக்கும். டிஸ்க் பிட்லாக்கரால் (விண்டோஸின் டிஸ்க் பூட்டும் வசதி) பூட்டப்பட்டிருந்தால், புதிய மதர்போர்டில் அது 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டு நிற்கும். அந்தக் கீ கையில் இல்லையென்றால் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தும் உள்ளே போக முடியாது. மதர்போர்டைக் கடைசிக்கு வைப்பதற்கு விலையைவிட இவைதான் பெரிய காரணம்.

ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு

இந்த நிலையில் நாமே பார்ப்பதுதான் மற்ற எல்லா வழிகளையும்விட மேல். செய்ய வேண்டியவை எளிதானவை, எல்லாமே திரும்ப எடுக்கக்கூடியவை.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில்தான் இருக்கிறதா, மதர்போர்டின் போர்ட்டில் மாறிப்போய் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிவிட்டு, கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ரேம் எல்லாவற்றையும் கழற்றி ஒன்றை மட்டும் மாட்டுங்கள். நாலு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட் அதற்கான இடம். வரவில்லையா, அடுத்த ரேமை அதே இடத்தில் மாட்டுங்கள். பிராசஸரிலேயே டிஸ்ப்ளே வசதி இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டையும் கழற்றிவிடலாம். டிஸ்க், யுஎஸ்பி சாதனங்கள் எதுவும் வேண்டாம். பிராசஸர், ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் இவ்வளவோடு லோகோ வந்துவிட்டால், கழற்றியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டும்போது எதில் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. பிராசஸருக்கென்று மேல் மூலையில் தனியாக வரும் 4 அல்லது 8 பின் பவர் கேபிளையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது சரியாக உட்காராவிட்டால் ஃபேன் எல்லாம் சுற்றும், திரையில் மட்டும் எதுவும் வராது.

இப்போதைய மதர்போர்டுகளில் பலவற்றில் பிராசஸர், ரேம், கிராஃபிக்ஸ், பூட் என்று நாலு சின்ன விளக்குகள் இருக்கும். எதில் நின்று எரிகிறதோ அங்கேதான் தேட வேண்டும். டிடிஆர்5 ரேம் புதிதாக மாட்டியிருந்தால் முதல்முறை சில நிமிடங்கள் கறுப்புத் திரையே இருக்கும். மதர்போர்டு ரேமோடு பழகிக்கொள்ளும் நேரம் அது. பொறுமையிழந்து ஆஃப் செய்துவிடாதீர்கள்.

சிமோஸ் பேட்டரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மதர்போர்டில் இருக்கும் வட்டமான சிஆர்2032 பேட்டரி 3 வோல்ட் கொடுப்பது. சில வருடங்களில் அது தீர்ந்ததும் பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் கணினியை எழுப்பும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அமைப்புகள் அழிந்து, கம்பெனியில் வைத்த நிலைக்குப் போய்விடும். தேதியும் தப்பாகும். இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. டிஸ்கைப் படிக்கும் முறை பயாஸில் மாறிவிட்டால், நேற்றுவரை நன்றாக இருந்த விண்டோஸ் இன்று நீலத்திரையோடு நின்றுவிடும். பார்ப்பவருக்கு விண்டோஸ் கெட்டுப்போனது மாதிரியே தெரியும். ஒரு பேட்டரியும் பயாஸில் ஒரு மாற்றமும் போதும் என்ற இடத்தில் ஃபார்மேட் போட்டுவிடுவார்கள். கணினி ஆன் ஆகும்போது தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் வேறு எதையும் தொடுவதற்கு முன் பேட்டரியை மாற்றி, பயாஸைப் பாருங்கள். நாமாகப் பயாஸை ரீசெட் செய்வதாக இருந்தாலும் பழைய அமைப்புகளை ஒரு போட்டோ எடுத்துவைத்துக்கொள்வது நல்லது.

லோகோ வரை வருகிறது: ரிப்பேரா, ரீசெட்டா, ஃபார்மேட்டா?

இங்கேதான் அவசரம் அதிக நஷ்டத்தைக் கொண்டுவருகிறது. விண்டோஸ் எழவில்லை என்பதற்குப் பெரும்பாலும் இரண்டு விதமான காரணங்கள் உண்டு. விண்டோஸ் கோப்புகள் கெட்டிருக்கலாம், அல்லது அவை இருக்கும் டிஸ்கே சாகத் தொடங்கியிருக்கலாம். வெளியே தெரியும் அறிகுறி இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வைத்தியம் நேர் எதிரானது. முதலாவதில் ரிப்பேர் செய்யலாம். இரண்டாவதில் ரிப்பேர் என்று நாம் ஓடவிடும் ஒவ்வொன்றும், செக்டிஸ்க் என்ற விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவி உட்பட, டிஸ்கின் கடைசி மூச்சைச் செலவழிக்கிறது.

அதனால் முதல் வேலை டிஸ்கின் உடல்நிலையைப் பார்ப்பது. யுஎஸ்பியிலிருந்து உபுண்டு மாதிரி ஒரு லினக்ஸை (விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம்) பூட் செய்தால், உள்ளே இருக்கும் டிஸ்கில் எதையும் எழுதாமல் பார்க்கலாம். ஸ்மார்ட் விவரங்களில் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பதிவு) மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்கின் சிறு பகுதிகள்), படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் என்ற இரண்டு எண்களும் ஏறிக்கொண்டே போனால், அந்த டிஸ்கை நம்ப வேண்டாம். அதே லினக்ஸிலிருந்து முக்கியமான கோப்புகளை வெளியே இருக்கும் டிஸ்குக்கு நகலெடுங்கள். படிக்கத் திணறினால், நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுக் கெட்ட பகுதிகளுக்குக் கடைசியில் திரும்பும் டிடிரெஸ்க்யூ போன்ற கருவியைப் பயன்படுத்துங்கள். ஹார்டு டிஸ்கில் ‘டிக், டிக்’ என்று திரும்பத் திரும்பச் சத்தம் வந்தால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள். உள்ளே ஈடு செய்ய முடியாத எதுவும் இருந்தால் டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் நேராகப் போவதுதான் வழி. ஒவ்வொருமுறை ஆன் செய்து பார்ப்பதும் அவர்கள் வேலையைக் கடினமாக்கும். எஸ்எஸ்டி சத்தம் போடாது, முன்னறிவிப்பே இல்லாமல் பயாஸிலிருந்து காணாமல் போய்விடும். அப்போதும் டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் அது போய்விட்டது என்று முடிவெடுக்க வேண்டும்.

டிஸ்க் நன்றாக இருக்கிறது என்றால் நிம்மதி. இனி விண்டோஸை மட்டும் பார்க்கலாம். தொடர்ந்து இரண்டு மூன்று முறை பூட் தோற்றால் விண்டோஸ் தானாகவே ரெக்கவரி திரைக்குப் போகும். அங்கே உள்ள வழிகளைத் திரும்ப எடுக்க முடிகிற அளவை வைத்து வரிசைப்படுத்துவேன். ஸ்டார்ட்அப் ரிப்பேர், சேஃப் மோட் (அவசியமானவற்றை மட்டும் வைத்து விண்டோஸைத் தொடங்குவது), கடைசியாக வந்த அப்டேட்டை நீக்குவது, சிஸ்டம் ரெஸ்டோர் (விண்டோஸை முந்தைய ஒரு தேதியின் நிலைக்குக் கொண்டுபோவது) ஆகிய நான்கும் நம் சொந்தக் கோப்புகளைத் தொடுவதில்லை. இவற்றை முழுக்க முயன்று பார்க்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. கோப்புகளை வைத்துக்கொண்டு செய்யும் ரீசெட் அடுத்தது. பெயருக்கேற்ற மாதிரி கோப்புகள் இருக்கும். நாம் நிறுவிய மென்பொருள்கள் எல்லாம் போய்விடும். லைசென்ஸ் கீயோ இன்ஸ்டால் கோப்போ கையில் இல்லாத பழைய மென்பொருளை நம்பி வேலை செய்பவர்களுக்கு இது சின்ன இழப்பில்லை. கடைசியில்தான் ஃபார்மேட்.

சேஃப் மோட் எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு 2024 ஜூலை 19 நல்ல சான்று. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பிழையான அப்டேட்டால் உலகம் முழுக்க ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் சிக்கி, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தன. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் திணறின. ஹார்டுவேரில் ஒரு குறையும் இல்லை. சேஃப் மோடில் போய் ஒரு கோப்பை நீக்கினால் போதுமாக இருந்தது. பல இடங்களில் வேலையைத் தாமதப்படுத்தியது பிட்லாக்கர் கீ கையில் இல்லாததுதான். உங்கள் கணினி இப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், இதைப் படித்த கையோடு மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் கீ இருக்கிறதா என்று பார்த்து ஒரு தாளில் எழுதிவையுங்கள். பல கணினிகளில் நமக்குத் தெரியாமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது.

சர்வீஸுக்குக் கொடுப்பது எப்போது நல்லது?

நாமே பார்ப்பதா, கொடுத்துவிடுவதா என்பதை நம்மிடம் மாற்று பாகம் இருக்கிறதா என்பதுதான் தீர்மானிக்கிறது. திறமை இரண்டாவதுதான். சர்வீஸ் செய்பவரிடம் நன்றாக ஓடும் எஸ்எம்பிஎஸ்ஸும் ரேமும் மேசையிலேயே இருக்கும். நாம் சோதனைக்காகவே ஒவ்வொன்றாக வாங்க வேண்டியிருக்கும். மேலே சொன்ன கழற்றி மாட்டும் வேலைகளைச் செய்தும் பலனில்லை என்றால், அந்த இடத்தில் கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம். வாரண்டி இருந்தால் முதலிலேயே கொடுக்கலாம்.

கொடுக்கும்போது, லோகோவே வராத கணினி என்றால் டிஸ்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள். லோகோ வரவைக்க அவருக்கு டிஸ்க் தேவையில்லை. டிஸ்கோடுதான் கொடுக்க வேண்டும் என்றால், ‘என்னைக் கேட்காமல் ஃபார்மேட் செய்யக் கூடாது’ என்பதை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். மாற்றிய பாகத்தைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் முகம் சுளிக்கமாட்டார்.

புதிது வாங்கும் முடிவு

டிஸ்க் போனதற்காகக் கணினியை மாற்றாதீர்கள். பழைய ஹார்டு டிஸ்கின் இடத்தில் எஸ்எஸ்டி போட்டால் அந்தக் கணினி முன்பைவிட வேகமாகவே ஓடும். எஸ்எம்பிஎஸ், ரேம், பேட்டரி இவற்றுக்காகவும் மாற்ற வேண்டியதில்லை. மதர்போர்டோ பிராசஸரோ போயிருந்தால்தான் யோசனை. டிடிஆர்3 என்ற பழைய ரேம் வகை காலத்துக் கணினிக்கு இன்று மதர்போர்டு தேடினால் பெரும்பாலும் பழையதுதான் கிடைக்கும். அதன் கெப்பாசிட்டர்களுக்கும் உங்களுடையதன் வயதுதான் இருக்கும். அதைத் தேடுவதைவிட மதர்போர்டு, பிராசஸர், ரேம் மூன்றையும் சேர்த்துப் புதிதாக வாங்கி, கேபினெட்டையும் டிஸ்கையும் வைத்துக்கொள்வது மேல். எஸ்எம்பிஎஸ்ஸும் அதே வயது என்றால் அதையும் மாற்றிவிடுங்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். அதற்கு முந்தைய கணினியில் மதர்போர்டு போயிருந்தால் நான் பழுது பார்க்கமாட்டேன். அதே கணினியில் எஸ்எம்பிஎஸ் மட்டும் போயிருந்தால் மாற்றி, லினக்ஸ் போட்டு ஓட்டுவேன்.

புதிது வாங்கியபிறகு பழைய டிஸ்கை யுஎஸ்பி அடாப்டரில் மாட்டிக் கோப்புகளை எடுத்துக்கொள்ளலாம். பிட்லாக்கர் இருந்தால் அங்கேயும் அந்த 48 இலக்கங்கள் வேண்டும். எடுத்து முடித்து, புதிய கணினியில் எல்லாவற்றையும் திறந்து பார்த்து, இன்னொரு இடத்திலும் ஒரு நகல் வைத்தபிறகுதான் பழைய டிஸ்கை அழிக்க வேண்டும்.